விக்கியை நிறுத்திய கல்விக்குழுவுக்கு ஒரு வரலாற்று ஆசிரியரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்விக்குழு உறுப்பினர்களுக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும்,

இந்தப் பருவத் தொடக்கத்தில் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கைப்படி, அசைன்மென்ட் எல்லாம் ஏ4 தாளில், கையெழுத்தில், தனித்தனியாகத்தான் வர வேண்டும். "விக்கி போன்ற தளங்களில்" (பலர் சேர்ந்து எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தக்கூடிய தளங்களில்) மாணவர்கள் சேர்ந்து எழுதுவதை அகமதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வந்த அதே வாரத்தில், கணினி ஆய்வகத்தில் எங்கள் துறைக்காக ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரையும் நிறுத்திவிட்டார்கள். கேட்டதற்கு, "ஆடிட் வருது சார், தேவையில்லாததை எடுக்கச் சொன்னாங்க" என்று பதில் வந்தது. மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்த பக்கங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. எடுத்து வைத்துக்கொள்ள ஒரு நாள்கூட அவகாசம் தரவில்லை.

துறைத் தலைவர் வழியாக எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. வேறு கல்லூரிகளில் வேலை பார்க்கும் நண்பர்களும் இதே மாதிரி உத்தரவுகள் வருவதாகச் சொல்கிறார்கள். அதனால் பொதுவில் எழுதுகிறேன். கல்லூரியின் பெயரையோ யாருடைய பெயரையோ சொல்லப் போவதில்லை. எனக்கு வேண்டியது அந்த முடிவு மாற வேண்டும் என்பது மட்டும்தான்.

முதலில் நீங்கள் நிறுத்தியது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சுற்றறிக்கையைப் படிக்கும்போது, மாணவர்கள் விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதுவதையும், நாங்கள் வகுப்புக்கென்று ஒரு விக்கி வைத்து அதில் எழுதுவதையும் நீங்கள் ஒன்றாகவே எடுத்துக்கொண்டீர்கள் என்று தெரிகிறது. இரண்டும் வேறு வேறு. விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கி மென்பொருளை, காசில்லாமல் யாரும் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். நாங்கள் அதைத்தான் செய்தோம். பதிவு எண்ணைப் போட்டு உள்ளே வரும் எங்கள் மாணவர்களைத் தவிர வேறு யாரும் அதில் எழுத முடியாது. 'தொகு', 'உரையாடல்' என்று பொத்தான்கள்கூடத் தமிழிலேயே இருக்கும். தன்னார்வலர்கள் பல வருடமாக மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள்.

வட்டார வரலாறு என்ற விருப்பப் பாடத்துக்காக அதைத் தொடங்கினோம். தாமிரபரணிப் பாசனம்தான் பொருள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று 8 அணைக்கட்டுகள். கடைசியாகச் சொன்னது மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் கால்வாய்கள், கால்வாய்களிலிருந்து குளங்கள், குளத்துக்குக் குளம் மறுகால், அதாவது நிரம்பிய குளத்தின் உபரிநீர் போகும் வழி. எங்கள் மாணவர்களில் பாதிப்பேர் இந்தக் கால்வாய்களின் கரையில் பிறந்தவர்கள். ஆனால் தங்கள் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பெரும்பாலோருக்குச் சொல்லத் தெரியாது. ஆளுக்கொரு குளத்தை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதுவது. மேல்குளமும் கீழ்குளமும் எடுத்தவர்கள் ஒருவர் பக்கத்தை மற்றவர் சரிபார்ப்பது. கால்வாயைப் பற்றிய பக்கத்தை எல்லோரும் சேர்ந்து எழுதுவது. ஏற்பாடு இவ்வளவுதான்.

இனி உங்கள் ஆட்சேபங்களுக்கு வருகிறேன். "சேர்ந்து எழுதினால் யார் எழுதியது என்று தெரியாது, மதிப்பெண் போட முடியாது" என்பதுதான் முதல் காரணம். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடலில் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

விக்கிப் பக்கத்தின் மேலே 'வரலாறு' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அந்தப் பக்கத்தில் யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எதைச் சேர்த்தார்கள், எதை நீக்கினார்கள் என்பது முதல் எழுத்திலிருந்து வரிசையாக இருக்கும். எந்த இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். மாறிய சொல் மட்டும் நிறம் மாறித் தெரியும். யாராவது வேண்டுமென்றே பக்கத்தை அழித்துவிட்டாலும், பழைய வடிவத்தை எடுத்துப் போட ஒரு நிமிடம் போதும்.

எங்கள் விக்கியில் ஒரு குளத்தின் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதிய மாணவி போனில் குரல்வழித் தட்டச்சு செய்கிறவர். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. முதல் வடிவத்தில் 'மடை' என்று வர வேண்டிய இடத்தில் எல்லாம் 'மழை' என்று விழுந்திருந்தது. "குளத்துக்கு ஐந்து மழைகள் உள்ளன." அன்று இரவே கீழ்குளத்தை எடுத்திருந்த மாணவர் உள்ளே போய் ஒவ்வொன்றாகத் திருத்தியிருக்கிறார். திருத்திவிட்டு உரையாடல் பக்கத்தில் கேட்கிறார்: "அஞ்சு மடைன்னு போட்டிருக்கீங்க, நான் பார்த்தப்போ மூணுதான் இருந்துச்சு. எங்கே எடுத்தீங்க?" மாணவி பொதுப்பணித் துறைப் பலகையின் படத்தை ஏற்றுகிறார். பலகையில் 5 என்றுதான் இருக்கிறது. மாணவர் விடவில்லை. இருவரும் ஊரில் நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர் ஒருவரைப் போய்ப் பார்க்கிறார்கள். ஒரு மடை சாலை போட்டபோது மூடிப்போனது, இன்னொன்று தூர்ந்து கருவேலம் புதருக்குள் கிடக்கிறது என்று அவர் கூட்டிப்போய்க் காட்டுகிறார். கடைசியில் பக்கத்தில் இருந்த வரி இது: "பதிவுப்படி 5 மடைகள், இப்போது பயன்பாட்டில் இருப்பவை 3." இரண்டுக்கும் தனித்தனிச் சான்று கீழே.

வரலாற்று முறையியல் என்று நாங்கள் ஒரு தாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதிப்போடுவது இதைத்தான். ஆவணம் ஒன்று சொல்கிறது, களம் ஒன்று சொல்கிறது, வாய்மொழி ஒன்று சொல்கிறது. மூன்றையும் எதிரெதிரே வைத்துப் பார். அந்த மாணவி வகுப்பில் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. உரையாடல் பக்கத்தில் தன் வரிக்காக ஆதாரத்தோடு வாதாடியிருக்கிறார். இந்த முழு விவகாரமும் தேதியோடும் நேரத்தோடும் பதிவாகியிருக்கிறது. இதைவிட மேலான மதிப்பீட்டுச் சான்றை எந்த ஏ4 தாள் கொடுக்கும் என்று தேர்வுப் பிரிவு எனக்குச் சொல்ல வேண்டும்.

கையெழுத்து அசைன்மென்டில் என்ன நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சீனியர் கொடுத்த கட்டு ஒன்று விடுதியில் இருக்கும். அதைப் பார்த்து எழுதி, ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் போட்டு, முதல் பக்கத்தில் தலைப்பை அலங்கரித்துக் கொண்டுவந்து வைப்பார்கள். நாமும் சிவப்பு மையில் ஒரு டிக் அடித்து, ஐந்துக்கு நாலு போட்டு ஸ்டாஃப் ரூம் பீரோவில் வைப்போம். கல்வியாண்டு முடிந்ததும் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர் கடைக்குப் போகும். இதில் மாணவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆசிரியர் ஒருவரைத் தவிர வேறு யாரும் படிக்கப் போவதில்லை, அவரும் முழுதாகப் படிக்கப் போவதில்லை என்று தெரிந்த ஒன்றை யார் கவனம் எடுத்து எழுதுவார்கள்?

சாட்ஜிபிடி வந்துவிட்டதால்தான் கையெழுத்துக்குத் திரும்புகிறோம் என்று கூட்டத்தில் பேசப்பட்டதாக அறிகிறேன். பயம் நியாயமானது. ஆனால் கையெழுத்து அதற்கு மருந்தாகாது. போனில் வருவதைப் பார்த்துப் பேனாவில் எழுதினால் அதுவும் கையெழுத்துதான். மாறாக விக்கியில், வெறும் பக்கமாக இருந்த இடத்தில் ஒரே சேமிப்பில் முழுக் கட்டுரையும் வந்து விழுந்தால், வரலாற்றுப் பட்டியலில் அது பச்சை நிறத்தில் பெரிய எண்ணாகத் தனித்துத் தெரியும். உடனே கூப்பிட்டு, "இந்த மூன்றாவது பத்தியை எங்கிருந்து எடுத்தாய்?" என்று கேட்கலாம். அதற்கு முன்பே சக மாணவர்கள் கேட்டுவிடுகிறார்கள். களத்துக்குப் போகாமல் எழுதிய ஒரு குளத்துப் பக்கத்தில், கலுங்கு (குளத்தின் உபரிநீர் வெளியேறும் கட்டுமானம்) இருக்கும் திசையே தப்பு என்று அந்த ஊர்க்காரப் பெண் ஒருவர் எழுதிய குறிப்பு இன்னமும் அந்த சர்வரில் கிடக்கிறது. நீங்கள் அதைத் திரும்ப இயக்கினால் காட்டுகிறேன்.

இதில் சிக்கலே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரே போனில் நான்கு பேர் உட்கார்ந்து ஒருவர் கணக்கில் எழுதுவது உண்டு. கடைசி நாள் இரவு வந்து ஒரு முற்றுப்புள்ளியை மாற்றிவிட்டு "நானும் எழுதினேன் சார்" என்பவரும் உண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்து மதிப்பெண் போட முடியாது. இரண்டே வரி சேர்த்து, பக்கம் முழுக்க இருந்த ஆண்டுக் குழப்பத்தைச் சரிசெய்தவர் பத்துப் பத்தி எழுதியவரைவிட அதிகம் செய்திருக்கலாம். ஆசிரியர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். நேரம் பிடிக்கும். ஆனால் டிக் அடிப்பதைவிட அதிக வேலை என்பதற்காக ஒன்றை நிறுத்த முடியுமா?

விக்கியைப் பாடத்தில் பயன்படுத்தித் தோற்ற கதையும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2011-இல் புனேயில் சில கல்லூரிகளோடு சேர்ந்து, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் ஒரு கல்வித் திட்டம் நடத்தியது. ஏராளமான மாணவர்களை ஒரே நேரத்தில் நேரடியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுத இறக்கிவிட்டார்கள். புத்தகத்திலிருந்தும் இணையத்திலிருந்தும் அப்படியே வெட்டி ஒட்டிய பத்திகள் குவிந்தன. பதிப்புரிமை மீறல்களைத் துப்புரவு செய்யத் தன்னார்வலர்கள் திணறிப்போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. உங்களில் யாராவது இதை எடுத்துக்காட்டினால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே எதனால் தோற்றது? எடுத்தெழுதுவதற்கும் சொந்தமாக எழுதுவதற்கும் வேறுபாட்டை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கூட்டம் பெரிது, கவனிக்க ஆள் குறைவு. எங்கள் விக்கி எங்கள் மாணவர்களுக்கு மட்டும் திறந்திருப்பதும், ஒரு வகுப்போடு நின்றதும், முதல் வாரம் முழுக்க மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுவதும் இந்த அனுபவத்தைப் பார்த்துத்தான்.

வென்ற கதையும் உண்டு. 2008-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் பீஸ்லி-மரே என்ற பேராசிரியர், தன் லத்தீன் அமெரிக்க இலக்கிய வகுப்பு மாணவர்களை நாவல்கள், நாவலாசிரியர்கள் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரைகளை எழுதவைத்தார். முகம் தெரியாத தொகுப்பாளர்கள் அவற்றைத் திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்டார்கள். மாணவர்கள் திருத்தித் திருத்தி எழுதினார்கள். அந்த வகுப்பின் 3 கட்டுரைகள் விக்கிப்பீடியாவின் மிக உயர்ந்த தரமான சிறப்புக் கட்டுரை நிலையை எட்டின.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழக அரசே கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி வைத்தது. 2017-இல் பள்ளி ஆசிரியர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதப் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளி ஆசிரியர் கற்றுக்கொண்டு எழுதலாம், கல்லூரி மாணவர் எழுதினால் மதிப்பெண் கிடையாது என்றால் என்ன அர்த்தம்?

அடுத்து, ஆய்வுக்கு வரும் குழுவுக்குக் காட்டக் கோப்பில் காகிதம் வேண்டும் என்கிறீர்கள். சரி, அதையே பேசுவோம். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் (NAAC) அமைப்புக்கு நாம் கொடுக்கும் தன்மதிப்பீட்டு அறிக்கையின் 2.3 பகுதியில் அனுபவவழிக் கற்றல், பங்கேற்புக் கற்றல், சிக்கல் தீர்க்கும் முறைகள் ஆகியவற்றை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தை நிரப்ப நாம் எவ்வளவு திண்டாடுகிறோம் என்பது உங்களுக்கே தெரியும். செமினார் படம், கல்விச் சுற்றுலாப் படம், அதற்கு எடுத்த இடத்தைக் காட்டும் ஜியோ டேக். மாணவர்கள் சேர்ந்து கற்றதன் உண்மையான பதிவு கல்லூரிக்குள்ளேயே இருந்தது. ஆய்வுக்கு வருகிறார்கள் என்று சொல்லி அதைத்தான் நிறுத்தியிருக்கிறோம். காகிதம்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கத்தின் வரலாற்றையும் அச்செடுத்துக் கோப்பில் வைக்க நான் தயார்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. ஆற்றிலும் வெள்ளம், காட்டு மழையும் வெள்ளம். குளங்கள் வரிசையாக உடைந்தன. எந்தக் குளம் எந்தப் பக்கம் உடைந்தது, மறுகால் தண்ணீர் எந்தப் பழைய ஓடையைத் தேடிப் போனது, அந்த ஓடையில் இப்போது என்ன கட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் ஊர்க்காரர் வாயில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த மாணவர்கள் தங்கள் ஊர்க் குளத்துப் பக்கத்தில் அதைச் சேர்க்கத் தொடங்கினார்கள். வெறும் தாளில் ஆரம்பிக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. முந்தைய வகுப்பு எழுதியது அங்கே இருந்தது. அதில் விட்டுப்போனதை, தப்பாகப் போனதைப் பார்த்து மேலே எழுதினார்கள். ஒரு மாணவர் தன் அக்கா எழுதிய பக்கத்தையே திருத்தினார். இந்த வேலை ஓர் ஆண்டில் முடியாது. ஒரு வகுப்பு விட்ட இடத்தில் அடுத்த வகுப்பு தொடங்கினால்தான் நடக்கும். அந்தத் தொடர்ச்சியைத்தான் நீங்கள் அறுத்திருக்கிறீர்கள். தனித்தனித் தாளில் அது வராது.

விக்கியில் வருவதை நம்ப முடியாது என்று மூத்த பேராசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார். விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டாதே என்று நானும்தான் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். அது மூல ஆவணம் கிடையாது. ஆனால் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை எப்படித் தப்பாகிறது, எப்படிச் சரியாகிறது என்பதைத் தானே எழுதிப் பார்த்தவருக்கு, எதை நம்பலாம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'சான்று தேவை' என்று தன் வரிக்கு அருகில் இன்னொருவர் போட்ட குறிப்பை ஒருமுறை பார்த்தவர், வாட்ஸ்அப்பில் வரும் வரலாற்றையும் அதே கண்ணோடு பார்க்கிறார். என் வகுப்பில் இதைக் கண்ணால் காண்கிறேன்.

நான் கேட்பவை இவை.

நிறுத்திய கம்ப்யூட்டரை யாரும் அழிக்கவோ ஃபார்மட் செய்யவோ கூடாது என்று உடனே எழுத்துமூலம் ஆய்வகத்துக்குச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது மாணவர்களின் உழைப்பு. மீடியாவிக்கியில் எல்லாப் பக்கங்களையும் வரலாற்றோடு சேர்த்து எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. படங்களைத் தனியாக எடுக்க வேண்டும். அந்த வேலையை முடிக்கும்வரை எங்கள் துறைக்கு அனுமதி தாருங்கள். பிறகு அதை மறுபடி இயக்குங்கள். தனி சர்வர் முடியாது என்றால், கல்லூரியின் மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் விக்கிப் பகுதி ஏற்கெனவே இருக்கிறது, அதையாவது திறந்துவிடுங்கள்.

சுற்றறிக்கையில் கையெழுத்து, தனித்தனி என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டு, எந்த வடிவில் அசைன்மென்ட் வாங்குவது என்பதைப் பாடம் நடத்தும் ஆசிரியரிடம் விடுங்கள். அகமதிப்பீட்டின் 25-இல் அசைன்மென்டுக்கு இருப்பது வெறும் 5 மதிப்பெண். சேர்ந்து எழுதும் வேலைக்கு அதைக் கொடுப்பதென்றால், ஒவ்வொரு மாணவரின் பங்களிப்புப் பட்டியலையும் மதிப்பெண் போட்ட காரணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று விதி போடுங்கள். நான் முதல் ஆளாகக் கொடுக்கிறேன். இந்தப் பருவத்தில் ஏற்கெனவே எழுதிவிட்ட மாணவர்களை மறுபடி தாளில் எழுதச் சொல்லாதீர்கள்.

விக்கியை வகுப்பில் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு விடுமுறையில் ஒரு பயிற்சி நடத்துங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் பல வருடம் எழுதிவரும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள்.

கடைசியாக, அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் எனக்கும் என் வகுப்பு மாணவர்கள் இருவருக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பக்கத்தின் வரலாற்றைத் திரையில் போட்டு, யார் என்ன எழுதினார்கள் என்பதை அவர்களே உங்களுக்குக் காட்டுவார்கள். அதைப் பார்த்த பிறகும் உங்கள் முடிவு மாறாது என்றால், காரணத்தை எழுத்தில் கொடுங்கள். இரண்டாம் உள்தேர்வுக்கு முன்பாக உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். மதிப்பெண் பட்டியலை அதன் பிறகு மாற்ற முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியர் ஒருவர்